ஸ்விட்சைப் போடுமுன்: மலையகத்தில் பழைய கொம்பியூட்டர் மீட்கத் தொடங்குவோருக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கந்தோரில் வருடக்கணக்கில் கிடந்த 486 என்ற பழைய வகைக் கொம்பியூட்டர் ஒன்று என் கைக்கு வந்தது. வந்த இரவே அதை ப்ளக்கில் மாட்டினேன். மூன்று எண்ணுவதற்குள் 'டொப்' என்றது, பின்பக்கம் வெள்ளைப் புகை, வீடு முழுக்க மீன் கருகிய வாடை. அம்மா ஓடிவந்து மெயின் ஸ்விட்சை இறக்கினார். மறுநாள் பவர் சப்ளையைத் திறந்தால் உள்ளே காய்ந்த பல்லி ஒன்று, இரண்டு பல்லி முட்டை, போர்ட் மேல் பாசி பிடித்தாற்போல் ஒரு படலம். பல்லி பாவம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அவசரப்பட்டது நான்தான்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை காய்ந்த நாடுகளில் எடுத்தவை. பரணிலிருந்து இறக்குவார்கள், தூசி தட்டுவார்கள், போடுவார்கள், ஓடும். நமக்கு அது சரிவராது. நுவரெலியா 6,128 அடி உயரத்தில் இருக்கிறது. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளைப் பக்கத்தை நனைக்கும். அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூஞ்சணம் பூக்கிற ஊரில், மூடிவைத்த கொம்பியூட்டருக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இங்கே முதல் வேலை உலர்த்துவது. ஸ்விட்ச் ரொம்பப் பின்னால்தான் வரும்.

எந்த மெஷினை எடுப்பது

பழைய கொம்பியூட்டர் என்றதும் பலருக்கு 1982இல் வந்த கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்றவைதான் கண்ணில் தெரியும். ஆசை நியாயம்தான். ஆனால் முதல் மெஷினாக வேண்டாம். இந்தப் பக்கத்தில் அவை லேசில் அகப்படாது, உதிரிப்பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், பழகும் கைக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் பென்டியம் 3 நல்ல தொடக்கம். மூடிப்போன கொம்பியூட்டர் கிளாஸ், கொமினிகேஷன் கடைகளின் பின்னறை, பழைய இரும்புக்காரரின் குவியல் என்று தேடினால் கிடைக்கிற வகை. விண்டோஸ் 98 சுகமாக ஓடும். பவர் சப்ளை இன்றைய ஏடிஎக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மாற்று தேடி அலைய வேண்டியதில்லை. கை பழகிய பிறகு 486க்குப் போகலாம். பென்டியம் 4 காலத்து மதர்போர்ட்களில் ஒரு வினோதமான வசதி உண்டு: 1999க்கும் 2007க்கும் இடையில் தரங்கெட்ட கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உருளைகள்) உலகம் முழுக்க மதர்போர்ட்களில் ஏறிவிட்டன. தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோல்டரிங் பழக அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பதாக இருந்தால், ஆண்டுக் கணக்கெடுப்பில் கழித்த பொருள்தானா என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டோர் ரூமில் தூங்கினாலும் அது அரசாங்கச் சொத்து.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

முதலில் கையுறையும் முகக்கவசமும். இது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. ஸ்டோரில் கிடந்த பெட்டிக்குள் எலி குடியிருந்திருக்கும், எலிக்காய்ச்சல் நம் நாட்டில் புதிதில்லை. வெளித்திண்ணையில் வைத்துத் திறங்கள். எலிப்புழுக்கையும் கூடும் இருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டிப் பறக்கவிடாமல், கிருமிநாசினி தெளித்து ஈரத்துணியால் எடுங்கள்.

திறந்தவுடன் போனில் நிறையப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எதில், எந்தப் பக்கம் சிவப்பு என்று எல்லாமே படத்தில் இருக்கட்டும். நாளைக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது.

அப்புறம் உலர்த்தல். தேயிலை பெக்டரியில் கொழுந்தை வாட்டுவது பார்த்திருப்பீர்கள். அடுப்பில் போட்டுப் பொரிப்பதில்லை, பரப்பி வைத்துக் காற்றை ஓடவிட்டுப் பல மணி நேரம் பொறுமையாக ஈரத்தை எடுப்பார்கள். அதே முறைதான். மூடியைக் கழற்றி, கார்டுகளை உருவி, ஒரு மேசையில் பரப்பி, சாதாரண மின்விசிறியை தூரத்தில் வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஹேர் ட்ரையரைக் கொதிக்கக் கொதிக்கப் பிடிக்காதீர்கள். அடுப்படிப் பக்கமும் வேண்டாம்: சனவரி இரவின் குளிரில் கிடந்த இரும்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவதுபோல் உள்ளே தண்ணீர் பூக்கும். போனை அரிசிக்குள் புதைக்கிற வைத்தியத்தை இதில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள், தவிட்டுத் தூள்தான் மிஞ்சும். மழை விடாத வாரமாக இருந்தால் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போர்ட்டை வைக்கலாம்.

பெட்டரியைத் தேடுங்கள்

உலர்கிற நேரத்தில் செய்யக்கூடிய, தள்ளிப்போடக் கூடாத வேலை இது. பென்டியம் 3இல், மெஷின் அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்துவைக்க, சில்லறைக்காசு மாதிரி சிஆர்2032 பெட்டரி இருக்கும். செத்துப்போயிருக்கும், எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், அவ்வளவுதான்.

386, 486 போர்ட்களில் கதை வேறு. கீபோர்ட் சொருகும் இடத்துக்கு அருகில் நீல நிறத்தில் குட்டிப் பீப்பாய் ஒன்று நிற்கும். 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பெட்டரி. அது கசியும். கசிவது அமிலம் இல்லை, காரம். செம்புத் தடங்களைத் தின்று, அக்கம்பக்கத்துச் சிப்களின் கால்களைப் பச்சையாக்கிவிடும். ஓடுகிறதோ இல்லையோ, முதலில் அதை வெட்டி எடுங்கள். காரத்துக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது: வினாகிரி. காது குடையும் பஞ்சில் நனைத்து, பச்சை படிந்த இடமெல்லாம் தடவுங்கள். லேசாக நுரைத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு வினாகிரியும் தங்கக் கூடாது என்பதால் டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். வாகன பெட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்ட் வாட்டரே போதும். கடைக்காரர் பக்கத்துப் போத்தலில் இருக்கும் அசிட்டைத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்கஹோல் பாமசியில் கேட்கலாம், 90 வீதத்துக்கு மேற்பட்டதாக இருக்கட்டும்.

துடைத்த பிறகு மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, அரிபட்ட தடங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய வயரால் பாலம் போடலாம். புதிய பெட்டரி வைப்பதானால் போர்ட்டின் மேல் வேண்டாம், வயர் இழுத்துத் தள்ளி வையுங்கள். காசு பெட்டரி போடுகிறவர் இடையில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோட் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பழைய பெட்டரியைச் சார்ஜ் செய்த சர்க்கிட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காசு பெட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

1990களின் நடுப்பகுதி போர்ட் சிலவற்றில் பெட்டரியே கண்ணில் படாது, டல்லஸ் என்று எழுதிய கறுப்புக் கட்டிக்குள் புதைந்திருக்கும். அதைக் குடைந்து வெளி பெட்டரி இணைப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் மெஷினில் அந்த வீரம் வேண்டாம்.

கழுவலாமா? கழுவலாம். பெட்டரியும் சொருகிய பாகங்களும் இல்லாத வெறும் மதர்போர்ட்டை, சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு. கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். மறுபடி இரண்டு நாள் காற்று. பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க், மொனிட்டர் பக்கம் தண்ணீர் போகவே கூடாது.

பவர் சப்ளை: உயிர் போகிற இடம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது பவர் சப்ளைக்குள் நேர்மின்னாக மாறும்போது கிட்டத்தட்ட 320 வோல்ட். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். தொடங்குகிறவர் பவர் சப்ளையைத் திறந்து பழுதுபார்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பல்லி இருக்கிறதா என்று டோர்ச் அடித்துக் காற்றுத் துளை வழியே பாருங்கள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள், அல்லது டிவி பழுதுபார்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டருக்கும் இதே சட்டம், இன்னும் கடுமையாக. அதற்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது.

பின்பக்கம் சிவப்பாக ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தால், 115, 230 என்று இரண்டு எண்கள் தெரியும். 230இல் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த மெஷின் 115இல் இருந்தால் நம் ப்ளக் பேஸ் ஒரே நொடியில் அதை முடித்துவைக்கும்.

486 காலத்து மெஷின்களில் முன்பக்க ஸ்விட்சுக்கே 230 வோல்ட் வயர் நேராக வருகிறது. ஏடிஎக்ஸ் வந்த 1995க்குப் பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. அந்த வயர்களின் தலையில் இன்சுலேஷன் கிழிந்திருந்தால் முழுப் பெட்டியும் கரண்ட் அடிக்கும். லயத்து வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா, ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்பதை முதலில் வயர்மேனிடம் காட்டிக் கேளுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மதர்போர்ட்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு சொருகிகள் ஏடிஎக்ஸுக்கு முந்திய ஏடி வகை மெஷினின் இன்னொரு கண்ணி. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் சொருகினால் போர்ட் போய்விடும். கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று உரசி நிற்க வேண்டும், அதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

பிரிட்டனிலிருந்து வந்த பழைய மெஷின் அகப்பட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 1981இல் வந்த பிபிசி மைக்ரோ போன்றவற்றின் பவர் சப்ளையில் மஞ்சள் கண்ணாடி போல ரிஃபா என்ற பெயர் கொண்ட கெப்பாசிட்டர் இருக்கும். உள்ளே இருப்பது காகிதம். மேலோட்டில் நுண்ணிய வெடிப்பு விழுந்து, அதன் வழியே காற்றின் ஈரத்தைக் குடித்து, மின்சாரம் பட்டதும் வெடித்துப் புகையும். நம் மூடுபனியில் அது எவ்வளவு குடித்திருக்கும்! போடுமுன் மாற்றியே தீர வேண்டும். கொமடோர் 64க்கு ஆபத்து வேறு வழியில் வரும்: அதன் பழைய பவர் செங்கல் பழுதாகும்போது 5 வோல்ட் ஏறிப்போய் உள்ளிருக்கும் மெமரி சிப்களைச் சுட்டுவிடும். புதிய பவர் சப்ளை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க, வயர்மேன் ஒருவரைக் கொண்டு ஒரு நீட்டிப்புப் பெட்டியில் 60 வோட் பழைய குண்டு பல்பைத் தொடராக இணைத்து வாங்குங்கள். போட்டதும் பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோர்ட். பல்பு தன்மேல் வாங்கிக்கொள்வதால் வெடிப்பு இல்லை, அம்மா ஓடிவர வேண்டியதும் இல்லை. அதில் தேறினால் பல்பை நீக்கிவிட்டு நேராக மாட்டி அளக்கலாம். பழைய பவர் சப்ளை சுமை இல்லாமல் ஒழுங்காக ஓடாது, போனால் போகட்டும் என்ற ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டுங்கள். மல்டிமீட்டரில் 5 வோல்ட் வழி 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும்.

இப்போது ஸ்விட்ச்

எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். மதர்போர்ட், சிபியூ, மெமரி, வீடியோ கார்ட், உள் ஸ்பீக்கர், இவ்வளவு மட்டும். மெமரியிலும் கார்டிலும் உள்ள தங்கக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுச் சொருகுங்கள். இங்கே செத்தது என்று ஒதுக்கிய மெஷின்களில் பலதுக்கு நோய் இதுதான், ஈரத்தில் கால் கறுத்துப்போயிருக்கும். மெமரியில் ஒரு கணக்கு உண்டு: 30 கால் மெமரியை 486இல் நான்கு நான்காகப் போட வேண்டும். 72 கால் மெமரி 486க்கு ஒன்று போதும், பென்டியத்துக்கு ஜோடி வேண்டும். பென்டியம் 3இல் இந்தத் தொல்லை இல்லை.

போட்டதும் படம் வராவிட்டால் காதைத் தீட்டுங்கள். மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் புரோகிராம் பயோஸ். அதில் அவார்ட் வகை ஒரு நீள பீப், இரண்டு குறுகிய பீப் அடித்தால் வீடியோ கார்ட்டில் கோளாறு. நீள பீப் ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் மெமரி. ஒரு சத்தமும் இல்லை, விசிறி மட்டும் சுற்றுகிறதென்றால் அணைத்து, எல்லாவற்றையும் உருவி, திரும்பச் சொருகிப் பாருங்கள். நான்காம் தடவை ஓடிய மெஷின் என்னிடம் உண்டு, மூன்று தடவையில் நான் வேறென்ன தவறு செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

டிஸ்க்குக்குள் யாருடைய வாழ்க்கை

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உடனே பூட் செய்ய ஆசை வரும். முதலில் ஒரு பிரதி. ஐடிஇ (பழைய ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு வகை)-யூஎஸ்பி அடாப்டர் ஒன்றால் லினக்ஸ் போட்ட மெஷினில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக எடுத்துவிடுங்கள். மிகப் பழைய, சில நூறு எம்பி டிஸ்க்குகளை இந்த அடாப்டர்கள் பல நேரம் அடையாளம் காணாது. அவற்றைப் பழைய மதர்போர்ட்டிலேயே மாட்டித்தான் படிக்க வேண்டும்.

ஃப்ளொப்பி டிஸ்க் கிடைத்தால் வெள்ளித் தகட்டைத் தள்ளி, வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சணம். அதை ட்ரைவில் போட்டால் ட்ரைவின் தலையும் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். அல்கஹோலில் நனைத்த பஞ்சால் தட்டை மெல்லத் துடைத்துக் காயவிட்ட பிறகே போட வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறகு ட்ரைவின் தலையையும் துடைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

உள்ளே கடிதங்கள் இருந்து, திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். அது பாமினி எழுத்துருவில் அடித்த தமிழாக இருக்கலாம். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு அந்த 486இல் கிடைத்தது ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ். மெஷின் ஓடிய சந்தோஷத்தைவிட அதை வாசித்த சந்தோஷம் பெரிது.

கந்தோர் மெஷினில் செக்ரோலும் (வேலை நாள், சம்பளப் பதிவு) தொழிலாளர்களின் ஈ.பி.எஃப். இலக்கங்களும் இருக்கக்கூடும். அது விளையாட்டுப் பொருள் இல்லை. கொடுத்தவரிடம் சொல்லி, வேண்டுமென்றால் பிரதியைக் கையளித்து, உங்கள் பக்கத்தில் அழித்துவிடுங்கள்.

மாற்றம் செய்வது

என் சட்டம் ஒன்றே ஒன்று: திருப்பி எடுக்க முடியாத மாற்றம் வேண்டாம். பெட்டியைப் பிளேடால் வெட்டி ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கொம்பியூட்டர் ஒன்றை உள்ளே வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் ஓடக்கூடிய போர்ட்டை அதற்காகக் குப்பையில் போடாதீர்கள்.

செய்யத்தக்க முதல் மாற்றம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் கொம்பெக்ட் ஃப்ளாஷ் கார்ட். அந்தக் கார்ட் மின்முறையில் ஐடிஇ போலவே நடந்துகொள்ளும், வெறும் அடாப்டர் போதும். சத்தமில்லை, ஈரத்தில் இறுகும் மோட்டாரும் இல்லை. அளவில்தான் ஆசைப்படக் கூடாது. 1990களின் தொடக்கத்து பயோஸ் பல 504 எம்பிக்கு மேல் பார்க்காது. எம்எஸ் டொஸ் 6இல் டிஸ்க்கின் ஒரு பிரிவு 2 ஜிபியைத் தாண்டாது. பென்டியம் 3இல் விண்டோஸ் 98 என்றால் மெமரியை 512 எம்பியோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் விண்டோஸ் தடுமாறும்.

அடுத்தது கோட்டெக். ஃப்ளொப்பி ட்ரைவின் இடத்திலேயே உட்கார்ந்து, யூஎஸ்பி குச்சியில் உள்ள கோப்புகளை ஃப்ளொப்பியாகக் காட்டும். பூஞ்சணத் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு. பழைய ட்ரைவைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

வீங்கிய கெப்பாசிட்டர் மாற்றுகிறவர், அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடியது, 105 பாகை, லோ ஈஎஸ்ஆர் என்று எழுதிக்கொண்டு போங்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக் கடைகளைச் சுற்றினால் அகப்படும். போகும்போது பழையதையும் கழற்றிக் கொண்டுபோனால் உயரமும் பருமனும் ஒத்துவரும். கால் நீளமானது பிளஸ், உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ்.

மஞ்சளான பெட்டியை வெளுக்க, சலூனில் முடி வெளுக்கும் பெரொக்சைட் கிரீமைப் பூசி வெயிலில் வைக்கிறார்கள். நானும் ஒருதடவை செய்தேன். பாதியில் மூடுபனி இறங்கி, பெட்டி புள்ளிமான் மாதிரி ஆனது. மஞ்சளே அழகு என்று விட்டுவிட்டேன்.

ஓடும் மெஷினை ஓடவிடுங்கள்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே உருவுங்கள். மோடம் கார்ட் இருந்தால் டெலிபோன் வயரையும்.

மூடிவைக்கும்போது பொலித்தீனால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே சிறைப்படும். பருத்தித் துணி போர்த்தி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருதடவை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே எழும் சூடே அதைக் காயவைக்கும். அப்படிப் போடுகிறபோது திரையில் நேரத்தைப் பாருங்கள். அது பின்தங்கியிருந்தால் பெட்டரி மாற்றும் நாள் வந்துவிட்டது.